மாடியும் நலம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நான் நலம். மலைக்குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிரேன் ஏணியில் ஏறும்போது இன்னும் பிடித்துக்கொள்கிறதா? அணைக்கட்டு முகாமில் போன் எடுக்காது என்பதுகூடப் பரவாயில்லை. சாமான் லாரியோடு தபால் மேலே ஏறி வரும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் பார், அதுதான் பெரிய தண்டனை.

போன கடிதத்தில் கறாராகச் சொல்லிவிட்டாய். "அவனைத் தலைமுழுகிவிட்டேன், அவன் பேச்சை எடுத்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்" என்று. சரி. அண்ணன் சொல்லைத் தட்ட மாட்டேன். நம் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனால் வீட்டைப் பற்றி எழுதலாம் அல்லவா? வீடு உன் பெயரில் இருக்கிறது. அதன் சுகதுக்கம் உனக்குத் தெரிய வேண்டாமா?

கீழ் வீடு நன்றாக இருக்கிறது. மாடி அறைக்குத்தான் உடம்பு சரியில்லை. மாடி ரொம்ப மெலிந்துவிட்டது. சாப்பாடு கொண்டுபோனால் "பசிக்கலை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இடது கையில் ஒரு கட்டி, பழைய ஊசி குத்திய இடத்தில் கிளம்பியது. சலவைக் கடையில் அடுத்தவர் பாக்கெட்டைத் துழாவிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் மாடியின் சட்டைப் பையையும் துழாவினேன். நுனி மழுங்கிய ஊசி ஒன்று கிடைத்தது. மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்ட ஊசியாம். அதைத் துணியில் சுற்றி என் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது.

என்னை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாடிக்கு இடது கை முளைத்த கதையை எந்தச் சின்னக் குழந்தையும் நம்பாது. நான் மறுபடியும் சொல்கிறேன். மூன்று போதைச் சிகிச்சை இல்லங்களில் சேர்த்தேன். மூன்றிலும் சுவர் ஏறிக் குதித்தான். அம்மா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு அன்றைக்கே போனவன் அவன். இனி என்னால் ஆகாது. அக்டோபரில் நீண்ட விடுப்பில் வருகிறேன். அப்போது மாடி காலியாக இருக்க வேண்டும். அவன் இருக்கிற வீட்டில் நான் கால் வைக்க மாட்டேன்.

இங்கே பனி குறைந்திருக்கிறது. கான்கிரீட் வேலை மும்முரம்.

அண்ணன்

பி.கு. கட்டியை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை வீட்டு வைத்தியமா? சீழ் உள்ளே போனால் விபரீதம்.


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதத்தைவிட உன் பி.கு. எனக்கு ரொம்பப் பிடித்தது.

கட்டியைக் கீறியாயிற்று. கீறியது டாக்டர் அல்ல, பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாரத்தில் சில நாள் வந்து நிற்கும் வேனில் இருக்கிற நர்ஸம்மா. அந்த வேனுக்கு ஊசி வண்டி என்றுதான் பெயர். பழைய ஊசியைக் கொடுத்தால் வாங்கி மஞ்சள் டப்பாவில் போட்டுக்கொண்டு புது ஊசி தருகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சலவைக் கடை ஏப்ரனோடு போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஏம்மா, நீங்களே ஊசியக் குடுத்துக் கெடுக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

நர்ஸம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, நின்று நிதானமாகக் கேட்டார். "நான் குடுக்கலேன்னா அவர் நிறுத்திடுவாரா?"

"அது எப்படி நிறுத்துவான்?"

"அப்ப என்ன பண்ணுவார்?"

பதில் என் பாக்கெட்டிலேயே இருந்தது, அந்த மழுங்கின ஊசி. நான் பேசாமல் அதை எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டேன். நானாவது, பேசாமலாவது! நம்புவாயா?

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயந்த எச்.ஐ.வி. இல்லை, அப்பாடா. ஆனால் கல்லீரலைத் தின்னும் கிருமி ஒன்று இருக்கிறது. மாத்திரை போட்டால் போய்விடுமாம். "அவரைத் தனியா விடாதீங்க, கதவைத் தாழ் போட விடாதீங்க" என்றார் நர்ஸம்மா. மாடிக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்றும் கொடுத்து, எப்படி அடிப்பது என்று பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அது சமையலறை அலமாரியில் இருக்கிறது.

மாடி நேற்று இரண்டாம் முறை சோறு கேட்டது.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் படித்து ரத்தம் கொதித்தது. நம் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவோடு இதையும் அடுக்கி வைத்திருக்கிறாயா? செல்லம் கொடுத்துக் கெடுக்க ஒரு வேன், அதற்கு ஒத்து ஊத நீ.

இங்கே என்னோடு வேலை செய்கிற வெல்டரின் மைத்துனனை ஓர் இடத்தில் சேர்த்தார்களாம். ஆறு மாதம் வெளிக்காற்றே படாமல் பூட்டி வைப்பார்களாம். கத்தினாலும் திறக்க மாட்டார்களாம். வெளியே வரும்போது பசு மாதிரி சாதுவாக வந்தானாம். விலாசம் கேட்டிருக்கிறேன். அங்கே அனுப்பு, இல்லாவிட்டால் மாடியைக் காலி செய். இரண்டில் ஒன்று.

அண்ணன்

பி.கு. கல்லீரலுக்கு எண்ணெய் ஆகாது என்பார்கள். பொரியலைக் குறைத்துக்கொள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டாயா?


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாடி படித்துவிட்டது. அன்றிலிருந்து வைராக்கியம். யாரிடமும் சொல்லாமல், நர்ஸம்மாவிடமும் கேட்காமல், தானாகவே நிறுத்திக்கொண்டது. வாந்தி, நடுக்கம், எலும்பெல்லாம் வலி. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. நான் முட்டாள்போலப் பூரித்துப் போனேன். "அண்ணன் கோபம்தான் சரியான மருந்து" என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மேலே கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் இல்லாததால் திறந்துகொண்டது. உதடு நீலம் பாரித்துக் கிடந்தான் அண்ணா. இதை மாடி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ கிழித்துப் போட்டாலும் போடு. குறட்டை மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. கீழே ஓடி மருந்தை எடுத்து வந்து மூக்கில் அடித்தேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. கொஞ்சம் கழித்து இழுத்து ஒரு மூச்சு விட்டான். கண் திறந்து, "ஏன்க்கா அழற?" என்று கேட்டான். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

நர்ஸம்மா சொன்னார். "கொஞ்ச நாள் விட்டுட்டு, பழைய அளவையே மறுபடி எடுத்தா உடம்பு தாங்காதும்மா. பூட்டி வெச்சு அனுப்பற இடத்துலேர்ந்து வெளிய வர்றவங்கதான் நிறையப் பேர் இப்படிப் போறாங்க."

வெல்டரின் மைத்துனன் இப்போது எப்படி இருக்கிறான் என்று விசாரித்துச் சொல்.

தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. நலம். இங்கே நல்ல மழை. மேல்ரோட்டில் மண் சரிந்துகொண்டே இருக்கிறது. லாரிக்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். புது கிரேனுக்கு லீவர் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் போட்டதும் பரவாயில்லை. முகாமில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, காய்ச்சிக் குடிக்கிறோம்.

வெல்டரிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். மறுபடியும் கேட்டேன். வெளியே வந்த அதே மாதத்தில் போய்விட்டானாம்.

மாடிப்படி விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் இன்றைக்கே மாற்று. நீ ஓடி ஏறும்போது தடுக்கி விழுந்துவைக்காதே.

அக்டோபர் விஷயத்தில் மாற்றமில்லை.

அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். விளக்கு மாற்றியாயிற்று.

ஒரு முக்கியமான விஷயம், கவனமாகப் படி. அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மருந்தகம் இருக்கிறது. ஊசிக்குப் பதிலாக வாய்வழியாக ஒரு திரவ மருந்து தருகிறார்கள். தினமும் காலையில் போய், அவர்கள் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். நடுக்கம் வராது, ஊசிக்கு அலைய வேண்டாம், வேலைக்குப் போகலாம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடக் குடிக்க வேண்டியிருக்குமாம். "இது ஒரு போதைக்கு இன்னொரு போதைதானே?" என்று நானும் கேட்டேன். "சர்க்கரை வியாதிக்காரர் தினமும் மருந்து எடுத்துக்கறாரே, அவரை அப்படிக் கேப்பீங்களா?" என்றார் நர்ஸம்மா.

மாடி இன்னும் யோசிக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் சேர்ந்தால் தினமும் போய்வர இருக்க ஓர் இடம் வேண்டும். இந்த அறைதான் அந்த இடம். கதவைத் தள்ளிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் கிடந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மே மாதம் பார்த்தாயிற்று. அக்டோபரைப் பற்றி இன்னொரு தடவை யோசித்துச் சொல், அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தபால்காரர் வாசலில் நிற்கிறார், கடையில் நீராவிப் பெட்டி காத்திருக்கிறது. அதனால் இந்த அட்டை. இன்று காலை மாடி மருந்து குடித்துவிட்டது! யாரும் சொல்லாமல் தானே எடுத்த முடிவு. முகத்தில் அப்படி ஓர் அமைதி, எத்தனை வருஷமாயிற்று அதைப் பார்த்து. இனி ஊசி இல்லை, ஓட்டம் இல்லை, உனக்கும் எனக்கும் நிம்மதி. எல்லாம் முன் கடிதத்தில் விளக்கமாக எழுதியிருந்ததுதான். நீ ஒன்றும் ஓடிவர வேண்டாம். நான் நன்றாக அழுது தீர்த்துவிட்டேன்.

தங்கை


ஜூலை 24

தங்கைக்கு,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை.

உன் அட்டை கடைசி லாரியில் வந்தது. அது வந்த அன்றே மேல்ரோடு மொத்தமாகச் சரிந்துவிட்டது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நடந்தே போகிறேன் என்று கிளம்பினேன். நாலு பேர் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். விளக்கமாக எழுதியதாகச் சொல்கிறாயே, அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. விளக்கம் யாருக்கு வேண்டும்?

என்ன மருந்து? பூச்சிக்கு அடிப்பதா, எலிக்கு வைப்பதா? எங்கே வாங்கினான்? ரொம்பத் துடித்தானா? அமைதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் நம்பலாமா? ஒரு சாவை அட்டையில் எழுதி, நிம்மதி என்றும் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? ஓடிவர வேண்டாமாம். ஓடிவந்து முகத்தைப் பார்க்கக்கூட உரிமையில்லாதவனாகப் போய்விட்டேனா? நீ கோபத்தில் எழுதியிருப்பாய். நியாயம்தான்.

சுண்டு. அவன் பெயரை எழுதிவிட்டேன். நீ கிழித்துப்போடு.

கிரேனில் ஏறினால் கீழே இருப்பவர்களெல்லாம் அவன் மாதிரி தெரிகிறார்கள். மேஸ்திரி என்னை இறக்கி வேறு வேலையில் போட்டுவிட்டார். மாடியைக் காலி செய் என்று எத்தனை கடிதத்தில் எழுதினேன். காலியாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாமே, அந்த ராஸ்கல். புது ஊசியோ பழைய ஊசியோ, ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலே ஓர் ஓரமாகக் கிடந்திருக்கலாமே. நான் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழேயே இருந்திருப்பேன். மேலே நடமாடுகிற சத்தம் கேட்டிருக்கும். அது போதாதா?

ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்ததும் முதல் லாரியில் இது வரும்.

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

செத்துப்போன தம்பி எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலத்தை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

ரோடு திறந்து உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அக்கா படித்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "மருந்து குடிச்சிட்டான்னா நம்ம ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்னு எனக்கு ஏண்டா தோணல?" என்று என்னையே கேட்கிறாள். அவளுக்குச் சலவை தெரிந்த அளவு தமிழ் தெரியாது. நான் குடித்தது மருந்தகத்தில் கொடுக்கிற மருந்து, அண்ணா. சிவப்பாக இருக்கும், கசக்கும், சின்னப் பிளாஸ்டிக் கிளாஸில் தருவார்கள். குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். தினமும் குடிக்கிறேன், தினமும் உயிரோடு திரும்பி வருகிறேன். விளக்கமாக எழுதிய ஜூன் கடிதம் எந்த முகாமில் சுற்றுகிறதோ. இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

இந்த ஒன்றரை மாதம் நீ என்ன பாடுபட்டிருப்பாய்! மன்னித்துக்கொள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் உன் கடிதத்தை அக்காவிடமிருந்து பிடுங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன். தனக்காக அழுகிறவர்கள் எழுதியதைத் தானே படிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. போன வாரம் ஒருநாள் பழைய சிநேகிதன் ஒருத்தன் வந்தான். நான் தவறிவிட்டேன். ஒரே ஒரு தடவை. அன்றைக்கே மருந்தகத்தில் சொன்னேன், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பதால். அவர்கள் திட்டவில்லை. அளவு போதவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அக்கா இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பேசிவிட்டாள். உனக்குத்தான் அவளைத் தெரியுமே.

நீ அழுதது செத்தவனுக்காக, அண்ணா. அவன் இனி எந்தத் தப்பும் செய்ய மாட்டான். உயிரோடு இருப்பது இந்த நான். மறுபடியும் தவற மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது. என் சத்தியத்தின் மதிப்பு உனக்கும் தெரியும். செத்த தம்பி மேலே ஓர் ஓரமாகக் கிடந்திருக்கலாமே என்று எழுதினாய். உயிரோடு இருக்கிற தம்பி கிடக்கலாமா? அக்டோபரில் நான் இந்த அறையில் இருக்கவா, போகவா? எதுவானாலும் எழுது.

உன் தம்பி,
சுண்டு


செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? லாரி ஒழுங்காக ஓடுகிறது என்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள். உன் கடிதம்தான் இல்லை. சுண்டு மருந்தகத்திலிருந்து வந்ததும் நேரே வாசலில் நின்று தபால்காரரைப் பார்க்கிறான். அவர் பாவம், எதிர் வீட்டுப் பக்கமாக நடையைக் கட்டுகிறார். ஒரு பழைய பையில் அவன் துணிகளை மடித்து வைத்திருக்கிறான். நான் எடுத்து அலமாரியில் வைத்தால் மறுபடியும் பைக்குள் போகிறது.

நீ போகச் சொன்னால் அவன் தனியாகப் போக மாட்டான். நானும் கூடப் போவேன். இது மிரட்டல் அல்ல, மே மாதம் அந்த உதட்டைப் பார்த்தவளுக்கு வேறு வழி இல்லை. இல்லை என்று சொல்வதானாலும் எழுதிவிடு. இந்த மௌனத்தைவிட அது பரவாயில்லை.

தங்கை


அக்டோபர் 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நலம். கிரேனில் திரும்பவும் ஏற்றிவிட்டார்கள். உன் கல்லீரல் எப்படி இருக்கிறது? மாத்திரை முடிந்துவிட்டதா?

உனக்கு நான்கைந்து கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். செத்தவனுக்கு எழுதும்போது கை தானாக ஓடியது. உயிரோடு இருப்பவனுக்கு எழுதத்தான் ஓட மாட்டேன் என்கிறது. உன் கடிதத்தைக் கையில் வாங்கியபோது முகாமே கூடிவிட்டது. "தம்பி இருக்கான்! என் தம்பி இருக்கான்!" என்று கத்தினேன், அந்த வெல்டர் என்னைவிட அதிகமாக அழுதார். உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். தவறினாய் என்கிற இடம் வந்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. அதே பழைய கோபம். முதல் கடிதத்தில் உன்னைக் கண்டபடி திட்டினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே ஒரு சந்தேகம், எனக்கு ஏன் சந்தோஷமாக இருக்கிறது? ரொம்ப நாள் யோசித்தேன், அதனால்தான் தாமதம். ஜூலையில் திட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை. இப்போது இருக்கிறான்.

அறையில் இரு. நான் வரும்போதும் இரு, போன பிறகும் இரு. சத்தியம் எதுவும் வேண்டாம். பையிலிருக்கிற துணியை எடுத்து அலமாரியில் வை. மூக்கில் அடிக்கிற மருந்தை எப்படி அடிப்பது என்று அக்காவை எனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். காலையில் நீ மருந்தகத்துக்குக் கிளம்பும்போது நானும் வருகிறேன், வரிசையில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். நிறையப் பாக்கி இருக்கிறது பேச.

மறுபடியும் தவறினால் என்னிடமும் சொல். நான் உன் நர்ஸம்மா மாதிரி நல்லவன் இல்லை, நிச்சயம் திட்டுவேன். திட்டு வாங்க நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் அண்ணன்